குருளைக்கு இடும் சோறு

நாயின் இளமைக்குக் குருளை என்பது மரபுப் பெயர். தொல்காப்பியர் மரபியலில் நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கின் பிள்ளைகளுக்கும் இப்பெயரை வகுத்துரைத்தார். குட்டி, பறழ் என்பனவற்றையும் அவர் விலக்கவில்லை. குருளை என்னும் சொல் இன்று வகுப்பறைக்குள் ஒடுங்கிவிட்டது. கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் அதனை நாய்க்குட்டி என்றே எல்லாரும் அழைக்கின்றனர். அதன் கிண்ணத்தில் எதனை இடுவது என்னும் வினா மட்டும் அண்மையில் வீடுதோறும் ஒரு வழக்காகியுள்ளது. கடையில் பையாக வாங்கும் உலர்தீனியை, அதாவது மக்கள் ‘டாக் ஃபுட்’ என்று சொல்லும் அவ்வுருண்டைகளை, நிறுத்திவிட்டு வீட்டில் சமைத்ததை இடலாமா? சோறும் கோழியும் ஒரு துண்டு கேரட்டும் வேகவைத்துப் போட்டால் போதாதா? பாட்டன் காலத்து நாய்கள் பையிலிருந்தா தின்றன என்று ஒரு சாரார் கேட்கின்றனர். அக்கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் பாட்டன் காலத்து நாய் எதைத் தின்றது, எவ்வாறு பிழைத்தது என்பது நினைவைக் கொண்டு முடிக்கத்தக்கதன்று. அது வரலாற்று வினா. அவ்வரலாற்றின் முக்கியமான ஓர் ஏடு கோலாலம்பூரிலேயே எழுதப்பட்டது என்பதைப் பலரும் மறந்துவிட்டனர்.

முதலில் சோற்றுக்கும் நாய்க்கும் உள்ள உறவு. நாய் ஓநாயின் வழி வந்தது, ஆதலின் அதற்கு இறைச்சியே இயற்கை உணவு, அரிசி ஆகாது என்று ஒரு கொள்கை பரவியுள்ளது. இது பாதி உண்மை. 2013-ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு ஆய்வாளர் சிலர் நாயின் மரபணுவையும் ஓநாயின் மரபணுவையும் ஒப்பிட்டு ஒரு முடிவை வெளியிட்டனர். மாவுப்பொருளைச் செரிக்கச் செய்யும் அமைலேஸ் என்னும் நொதிக்குரிய மரபணு ஓநாயிடம் இரண்டு படிகளே உள்ளது. நாயிடமோ நான்கு முதல் முப்பது படிகள்வரை காணப்பட்டது. மனிதன் உழத் தொடங்கிய பின்னர், அவன் அடுப்பங்கரையை அண்டி வாழ்ந்த நாய் தவசத்தைச் செரிக்கும் வயிற்றைப் பெற்றது என்பதே இதன் பொருள். தமிழகத்தில் இராசபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி என்னும் நாயினங்களை வளர்த்தோர் கேழ்வரகுக் கூழும் கம்பங்கூழும் மோரும் ஊற்றியே வளர்த்தனர். இவற்றுள் இராசபாளையத்தின் உருவத்தை இந்திய அஞ்சல் துறை 2005-இல் தலையில் இட்டுச் சிறப்பித்தது. கூழுண்ட நாய் முயலைத் துரத்திப் பிடித்தது உண்மை. பிடித்த முயலில் அதற்கும் ஒரு பங்கு கிடைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொல்பவர் பெரும்பாலும் அதனை விட்டுவிடுகின்றனர்.

கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டப்புற நாயும் அத்தகையதே. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிலாங்கூர் முழுவதும் ரப்பர் பரவியபோது, பால்மரக் காடுகளுக்கு நடுவே லயங்கள் எழுந்தன. லயத்துக்கு லயம் நாய்கள் இருந்தன. பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து வெட்டுக்குப் போனவர் வீட்டுக்கு அதுவே காவல். பாம்பு வந்தால் முதலில் குரைப்பதும் அதுவே. அதற்கென்று தனியே உலை வைத்தவர் பெரும்பாலும் இல்லை. பழங்கஞ்சியின் அடிவண்டல், மீன் தலை, கருவாட்டுக் குழம்பு பட்ட சோறு, பண்டிகை நாளில் ஆட்டுக்குடலின் கழிவு ஆகியவை அதன் பங்கு. எஞ்சியதை அது தானே தேடிக்கொண்டது: எலி, உடும்பு, தவளை, அயலார் கோழி முட்டை. தின்ற எலியோடு எலும்பும் ஈரலும் குருதியும் அதன் வயிற்றுக்குள் போயின. கிண்ணத்தில் விழுந்த சோறு அதன் உணவில் ஒரு பகுதியே. இன்று வரிசை வீட்டின் இரும்புக் கதவுக்குள்ளும் அடுக்குமாடி வீட்டின் சன்னலருகிலும் வளரும் நாய்க்குக் கிண்ணமே முழு உலகம். அக்கிண்ணத்தில் இல்லாத பொருள் அதற்கு எங்கும் இல்லை.

மற்றொன்றும் உண்டு. ஓர் ஈற்றில் ஆறு குட்டி பிறந்தால் எத்தனை நிலைத்தன? கால் வளைந்தும் வயிறு ஊதியும் மயிர் உதிர்ந்தும் செத்தவற்றை யாரும் எண்ணி வைக்கவில்லை. பிழைத்து வளர்ந்து பத்தாண்டு காவல் காத்த ஒன்றையே குடும்பம் நினைவில் வைத்திருக்கிறது. அந்த ஒன்றைச் சான்றாகக் காட்டிப் பழங்கஞ்சியே போதும் என்று முடிவுகட்டுவது, இறந்தோரைக் கேட்காமல் உயிருள்ளோரிடம் மட்டும் குடிக்கணக்கு எடுப்பது போலாகும்.

இனி, கோலாலம்பூரின் ஏட்டுக்கு வருவோம்.

பெரிபெரி என்னும் நோய் மலாயாவின் ஈயச் சுரங்கங்களிலும் சிறைகளிலும் மருத்துவமனைகளிலும் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டது. கால் மரத்துப் போகும், வீங்கும், நடக்க முடியாமல் தள்ளாடி, முடிவில் நெஞ்சு அடைத்து உயிர் போகும். கோலாலம்பூரில் 1900-இல் நிறுவப்பெற்ற நோய் ஆய்வுக் கழகம், அதாவது பின்னர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் என்று புகழ்பெற்றது, தொடக்கத்திலேயே எடுத்துக்கொண்ட பெரும் சிக்கல்களுள் இதுவும் ஒன்று. அதன் முதல் இயக்குநர் ஹாமில்டன் ரைட், இது தொற்றுநோய் என்றே கருதினார். அக்காலத்தில் அதுவே பொதுக் கொள்கையும் ஆகும். கிருமிகள் ஒவ்வொன்றாய்க் கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டிருந்த அந்நாளில், ஒரு பொருள் இல்லாமையால் நோய் வரும் என்பதை ஏற்க அறிஞர்க்கு மனம் வரவில்லை.

ஆனால் ஒரு செய்தி கண்ணை உறுத்தியது. சீனத் தொழிலாளர் இந்நோயால் மடிந்தனர். அதே நாட்டில், அதே மழையில், சில இடங்களில் இன்னும் இழிவான இருப்பிடங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரிடம் அது அரிதாயிருந்தது. நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராயிருந்த பிராடன் இவ்வேறுபாட்டை அரிசியோடு பொருத்திப் பார்த்தார். சீனர் உண்டது ஆலையில் நன்கு தீட்டிய சயாம் வெள்ளை அரிசி. தமிழர் உண்டது புழுங்கல். இதுபற்றி அவர் எழுதிய பெருநூல் 1907-இல் வெளிவந்தது.

அக்கருத்தைச் சோதனையால் தேர்ந்தவர் வில்லியம் ஃபிளெட்சர். 1905 டிசம்பரில் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் இருந்தோரை வரிசையாக நிறுத்தி எண்ணிட்டார். ஒற்றை எண்ணினர் ஒரு பக்கத்து விடுதிக்கும், இரட்டை எண்ணினர் மறுபக்கத்து விடுதிக்கும் சென்றனர். ஒரு சாரார்க்கு வெள்ளை அரிசிச் சோறு, மறு சாரார்க்குப் புழுங்கலரிசிச் சோறு. நடுவில், நோய் இடத்தைப் பற்றியதோ என்னும் ஐயத்தை நீக்க, இரு சாராரையும் விடுதி மாற்றி வைத்தார். ஓராண்டின் முடிவில் வெள்ளை அரிசி உண்டவருள் பலர் பெரிபெரியால் வீழ்ந்திருந்தனர், உயிர்நீத்தோரும் உண்டு. புழுங்கல் உண்ட பக்கத்தில், வரும்போதே நோயோடு வந்தவர் தவிர, நோய் ஏறத்தாழ இல்லை. 1907-இல் இம்முடிவு இலண்டன் ‘லான்செட்’ இதழில் அச்சாயிற்று. ஒற்றை இரட்டை முறையில் ஆட்களைப் பிரித்துச் செய்த தொடக்ககால உணவுச் சோதனைகளுள் ஒன்று என உலக மருத்துவ வரலாறு இதனை மதிக்கிறது. தம் நலம் தாமே உரைக்க இயலாத மனநோயாளரிடம் இச்சோதனை செய்யப்பட்டது என்பதையும், அவர்களிடம் இசைவு கேட்ட செய்தி எங்கும் இல்லை என்பதையும் மறைக்கலாகாது.

அடுத்து ஃபிரேசர், ஸ்டான்டன் என்னும் இருவர், கோலாலம்பூர் ஆய்வுக் கழகத்திலிருந்து சென்று, நெகிரி செம்பிலானில் சாலை அமைத்துக்கொண்டிருந்த ஏறத்தாழ 300 சாவகத் தொழிலாளரை இரு பிரிவாக்கி இதனையே செய்தனர். முடிவு மாறவில்லை. அவர்கள் மேலும் ஒரு படி சென்று, தீட்டும்போது உதிரும் தவிட்டிலேயே காக்கும் பொருள் உள்ளது என்று கோழிகளைக் கொண்டு காட்டினர். பத்தாவியாவில் ஐக்மன் இதற்கு முன்பே கோழிகளிடம் கண்டதும் இதுவே. அவர்க்கு 1929-இல் நோபல் பரிசு கிடைத்தது. அப்பொருள் இன்று தயமின் எனப்படும் பி1 உயிர்ச்சத்து. நெல்லை ஊறவைத்து ஆவியில் அவிக்கும்போது அச்சத்து உமி ஓரத்திலிருந்து அரிசிக்குள் ஊடுருவிவிடுகிறது. பின்னர்த் தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. தஞ்சையிலும் திருநெல்வேலியிலும் நெல் அவித்த பெண்களுக்கு உயிர்ச்சத்து என்ற சொல் தெரியாது. அவர்கள் கைப்பழக்கமே கடல் கடந்து வந்து தோட்டத் தொழிலாளரைக் காத்தது.

இவ்வரலாறு நாய்க்குட்டியின் கிண்ணத்தோடு எவ்வாறு பொருந்தும்? பெரிபெரியால் இறந்த சுரங்கத் தொழிலாளி பசியால் இறக்கவில்லை. அவன் வயிறு நிறைய உண்டான். அரிசி நல்ல வெள்ளை, சுவையும் கெடவில்லை. வயிறு நிறைந்தது வேறு, உடல் நிறைந்தது வேறு என்பதைக் கோலாலம்பூர் உலகுக்குக் காட்டியது. இன்றைய வீடுகளில் குருளைக்கு வைக்கும் வெள்ளைச் சோறும் தோல் நீக்கிய கோழி நெஞ்சும் அதே வகையான நிறைவே. தட்டு பளிச்சென்றிருக்கும், நாய் வழித்துத் தின்னும், வாலாட்டும். குறை எலும்புக்குள் நடக்கும்.

எலும்புக்குள் நடப்பதைக் கண்டறிந்த வரலாற்றில் நாய்க்குட்டிகளே தலைமை மாந்தர். முதல் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டனின் தொழில் நகரங்களில் குழந்தைகள் கால் வளைந்து வளர்ந்தனர். ரிக்கட்ஸ் எனப்படும் அந்நோயின் காரணம் காற்றின்மை என்றனர் சிலர். ஓடியாட இடமின்மை என்றனர் வேறு சிலர். இலண்டனில் எட்வர்ட் மெல்லன்பி குருளைகளை வீட்டுக்குள் அடைத்து வைத்து, ஏழைக் குழந்தைகள் உண்டது போன்ற ரொட்டியும் கஞ்சியும் சிறிது பாலும் கொடுத்து வளர்த்தார். சில மாதங்களில் அவற்றின் முன்கால்கள் வில்லாய் வளைந்தன. அதே உணவோடு காட் மீனின் ஈரல் எண்ணெய் சேர்த்தவற்றுக்குக் கால் நேராக நின்றது. 1919-இல் இதனை அவர் வெளியிட்டார். அவ்வெண்ணெயில் எலும்பைக் காக்கும் பொருள் தனியொன்று என்று பிரித்துக் காட்டி, 1922-இல் அமெரிக்கர் மெக்காலம் அதற்கு டி உயிர்ச்சத்து என்று பெயரிட்டார்.

மெல்லன்பியின் குருளைகள் உண்டது இன்றைய பொருளில் வீட்டுச் சமையலே அன்றோ? ஓட்ஸ் கஞ்சி உண்டவையே மற்றவற்றினும் மோசமாக நொந்தன என்பது அந்நாளில் பெரும் வியப்பை விளைத்தது. உடலுக்கு உரம் என்று ஊரெல்லாம் போற்றிய தவசம் எலும்பைக் கெடுப்பதா? தவசத்தின் மேற்புறத்தில் உள்ள ஃபைட்டிக் அமிலம் சுண்ணாம்புச் சத்தைப் பற்றிக்கொண்டு உடலில் சேரவிடாமல் செய்கிறது என்பது 1930-களின் முடிவில் தெளிவாயிற்று. கேழ்வரகிலும் இவ்வமிலம் உண்டு. நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருப்பது தவசங்களுள் தனிச் சிறப்பே. ஆயினும் அது முழுவதும் குருளையின் எலும்புக்குப் போய்ச் சேராது. ஊறவைத்து முளைகட்டினால் தடை ஓரளவு குறையும்.

வெயிலைப் பற்றியும் ஒரு சொல். நம் நாட்டில் வெயிலுக்குக் குறைவில்லை, நாய்க்குட்டி திண்ணையில் வெயில் காய்ந்தால் டி சத்து தானே உண்டாகும் என்பர். மனிதர்க்கு அது பொருந்தும். நாயின் தோல் அத்தொழிலைப் போதிய அளவு செய்யாது என்று ஆலந்து நாட்டு உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தார் 1994-இல் நிறுவினர். நாய்க்கு டி சத்து உணவின் வழியே வரவேண்டும். கிள்ளான் வெயில் முழுவதையும் குடித்தாலும் குருளைக்கு அது கிட்டாது.

அமெரிக்கத் தென்மாநிலங்களில் பெல்லக்ரா நோயை ஆராய்ந்த கோல்ட்பெர்கர் கதையும் இவ்வழிப்பட்டதே. சோள உணவால் நாய்களுக்கு ‘கருநாக்கு’ நோய் வருவித்துப் பார்க்க முனைந்தார். நாய்கள் அவ்வுணவை வெறுத்தமையால், பசியைத் தூண்டச் சிறிது ஈஸ்ட் கலந்தனர். நோய் வரவே இல்லை. தூண்டுபொருள் என்று கலந்ததே மருந்தாயிருந்தது. 1937-இல் எல்வேஜம் நிகோட்டினிக் அமிலத்தால் கருநாக்கைக் குணப்படுத்தியபோது மனிதரின் பெல்லக்ராவுக்கும் விடை கிடைத்தது.

இத்தனை அறிவும் திரண்டுகொண்டிருந்த அதே காலத்தில் மறுபுறம் வணிகம் வளர்ந்தது. ஜேம்ஸ் ஸ்பிராட் என்னும் அமெரிக்கர் 1860-ஐ ஒட்டி இலண்டன் வந்தவர். இடிதாங்கி விற்பது அவர் தொழில். துறைமுகத்தில் கப்பலோட்டிகள் எறிந்த கெட்டி பிஸ்கட்டை நாய்கள் கவ்வித் தின்றதைக் கண்டு, நாய்க்கென்றே பிஸ்கட் செய்யும் எண்ணம் அவர்க்குத் தோன்றியது என்பர். கோதுமை, காய்கறி, இறைச்சி ஆகியவற்றால் செய்த அப்பிஸ்கட்டை விற்கும் வேலையில் இளைஞராய்ச் சேர்ந்த சார்ல்ஸ் கிரஃப்ட்தான் பின்னர் 1891-இல் தம் பெயரால் நாய்க் கண்காட்சியைத் தொடங்கினார். தகரடப்பியில் அடைத்த இறைச்சி அமெரிக்காவில் 1920-களில் பரவிற்று. இரண்டாம் உலகப் போரில் தகரத்துக்குத் தட்டுப்பாடு வரவே உலர்தீனிக்கு வாழ்வு வந்தது. பசியாறும் தவச உணவைப் பொரிக்கும் பொறியைக் கொண்டே மாவை அழுத்தி, வேகவைத்து, உப்பச் செய்து உருண்டையாக்கும் முறை 1957-இல் ‘பியூரினா’ நிறுவனத்தின் வழியாகச் சந்தைக்கு வந்தது. இன்று பையில் உள்ளது அதன் வழித்தோன்றலே.

அப்பொறியின் வெப்பத்தில் தயமின் பெரிதும் அழியும். ஆதலால் அழிவதற்கு ஈடாக அதனைக் கூட்டிச் சேர்க்கின்றனர். வெள்ளை அரிசியால் இறந்தோரிடம் கற்ற பாடம் இவ்வாறு நாய்த்தீனிப் பையின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கிறது. பையின் சிறப்பு அதன் சுவையன்று, அந்தச் சிறிய எழுத்தே. கால்சியம், துத்தநாகம், செம்பு, அயோடின், டி, ஈ முதலியவை அளந்து சேர்க்கப்படுகின்றன. வளரும் குருளைக்கெனத் தனி அளவும் உண்டு.

எனினும் பையைக் கண்மூடி நம்புக என்று வரலாறு சொல்லவில்லை. நாய்களுக்கு வெறிபிடித்தாற்போல் ஓட்டமும் வலிப்பும் வந்த ஒரு நோய் இங்கிலாந்தில் பல்லாண்டு புதிராயிருந்தது. மாவை வெளுப்பாக்க நைட்ரஜன் டிரைகுளோரைடு என்னும் வாயுவைப் பயன்படுத்தியதே காரணம் என்று அதே மெல்லன்பி 1946-இல் காட்டினார். அம்மாவில் செய்த பிஸ்கட்டை நாய் தின்றது; அம்மாவில் செய்த ரொட்டியை மக்கள் தின்றுகொண்டிருந்தனர். பின்னர் அம்முறை கைவிடப்பட்டது. அண்மையிலும் 2004-இல் ஆசிய நாடுகள் சிலவற்றிலும், 2007-இல் வட அமெரிக்காவிலும் தீனியில் மெலமின் கலந்து, சிறுநீரகம் பழுதாகி நாய்களும் பூனைகளும் மாண்டன. புரதம் மிகுந்ததுபோல் கணக்குக் காட்டவே அப்பொருள் கலக்கப்பட்டது. அதன் பின்னர்ப் பலர் பையை விட்டு அடுப்பை நாடினர் என்றால் அவர்களைப் பழிப்பதற்கில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகர்ப்புறக் குடியிருப்புகளுக்கு வந்த காலத்தில், லயத்து நாய்க்குப் பதிலாகச் சங்கிலியில் கட்டிய வீட்டு நாயும் அதற்கெனப் பையும் வந்தன. ஒரு தலைமுறை கழித்து இப்போது அடுப்படிக்குத் திரும்பும் ஆசை எழுந்துள்ளது. திரும்பும் இடம் பழைய இடமன்று என்பதே கவலை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வளரும் குருளைக்கு 1000 கலோரி உணவில் ஏறத்தாழ 3 கிராம் கால்சியம் வேண்டும் என்பது அமெரிக்கத் தேசிய ஆய்வு மன்றம் 2006-இல் வகுத்த அளவு. பாதிக் கலோரி கோழி நெஞ்சிலும் பாதி வெள்ளைச் சோற்றிலும் வருமாறு சமைத்தால், கோழி 300 கிராமும் சோறு 385 கிராமும் ஆகும். அவை இரண்டிலும் சேர்ந்து கால்சியம் 0.1 கிராமைக்கூட எட்டாது. தேவையில் முப்பதில் ஒரு பங்கு! பாஸ்பரசோ 0.8 கிராமுக்கு மேல் உள்ளது. கால்சியத்தைவிடப் பாஸ்பரசு பன்மடங்காகும்போது, குருதியின் அளவைச் சமன்செய்ய உடல் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தைக் கரைத்து எடுக்கிறது. குருளை நொண்டும், மாடிப்படியில் தாவினால் கால் முறியும். அன்போடு சமைத்தவர்க்கு முறிந்த காரணம் விளங்காது. வளர்ந்த நாய்க்குத் தேவை இதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆதலின் பெரிய நாய் தாங்கும் உணவைக் குருளை தாங்காது.

முட்டையோட்டுத் தூள் எளிய தீர்வு. அது பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். ஒரு கிராம் தூளில் ஏறக்குறைய 0.38 கிராம் கால்சியம் கிடைக்கும். ஆனால் நல்லதென்று அள்ளிக் கொட்டினால் வேறு கேடு. பெரிய இனக் குருளைகளுக்குக் கால்சியம் மிகுந்தாலும் எலும்பு கோணும் என்று உட்ரெக்ட் ஆய்வாளர் 1980-களில் கிரேட் டேன் குட்டிகளிடம் கண்டனர். அளவு தெரியாமல் இடுவது குறைவாயினும் மிகையாயினும் தீங்கே. 2013-இல் கலிஃபோர்னியா டேவிஸ் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர், நூல்களிலும் பிற இடங்களிலும் வெளியான 200 நாயுணவுச் சமையற்குறிப்புகளைத் திரட்டி ஆய்ந்தனர். வளர்ந்த நாய்களுக்கான அக்குறிப்புகளுள் 95 விழுக்காட்டில் இன்றியமையாத சத்து ஒன்றேனும் குறைந்திருந்தது. நூலில் அச்சானதன் நிலையே இதுவென்றால், வாய்வழிக் குறிப்பின் நிலையை எண்ணிக்கொள்க.

வீட்டுச் சமையல் என்றதும் நம்மவர் சட்டியில் முதலில் விழுவது வெங்காயம். அது நாய்க்கு நஞ்சு. சிவப்பணுக்களைச் சிதைத்துச் சோகை உண்டாக்கும். இதனை 1930-இலேயே அமெரிக்க மருத்துவர் செப்ரல் நாய்களிடம் சோதித்து எழுதினார். பூண்டும் அவ்வினமே. சாம்பாரோ கறிக்குழம்போ ஊற்றிப் பிசைந்த சோறு ஆகாது. பாயசத்து உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். பச்சை மீனில் சிலவற்றில் தயமினை அழிக்கும் நொதி உண்டு. வேகவைத்தால் அது கெடும். இங்கும் பெரிபெரியின் நிழல் விழுகிறது. நெத்திலியை முள்ளோடு கொடுத்தால் கால்சியம் கிடைக்கும், ஆனால் காய்ந்த நெத்திலியின் உப்பை ஊறவைத்துப் பன்முறை அலசிப் போக்க வேண்டும். ஈரல் சிறிதளவு நன்று. நாள்தோறும் ஈரலே என்றால் ஏ சத்து மிகுந்து தீங்காகும். வேகவைத்த கோழி எலும்பு பிளந்து குடலைக் குத்தும் என்பதை லயத்துக் கிழவிகளே அறிந்திருந்தனர்.

அடுப்பை நாடுவோர் செய்யத்தக்கது, கால்நடை மருத்துவரிடம் குருளையின் எடை, அகவை, இனம் ஆகியவற்றைச் சொல்லி, அதற்கெனக் கணக்கிட்ட உணவுமுறையைப் பெறுவது. செர்டாங்கில் 1970-களில் தொடங்கிய கால்நடை மருத்துவப் புலத்தில் பயின்றவர்கள் கிள்ளான் பள்ளத்தாக்கின் ஊர்தோறும் உள்ளனர். முறை கைக்கு வந்த பின்னும் ஒரே நாளில் மாற்றுதல் கூடாது. குடலில் வாழும் நுண்ணுயிர்கள் பழைய தீனிக்குப் பழகியவை. முதல் இரண்டு மூன்று நாள் கால் பங்கு புதியது, முக்கால் பங்கு பழையது. அடுத்த சில நாள் பாதிக்குப் பாதி. பின்னர் முக்கால் பங்கு புதியது. ஏழு முதல் பத்து நாளில் முழுவதும். கழிச்சல் கண்டால் ஒரு படி பின்வாங்கிப் பொறுத்திருக்க வேண்டும். சத்துத்தூளை ஒருநாள் மறந்தால் பெருந்தீங்கில்லை. விலை அதிகமென்று ஒரு திங்கள் நிறுத்தினால் அதுவே மெல்லன்பியின் கூண்டு. வாரந்தோறும் ஒரே தராசில் எடை பார்த்து ஏட்டில் குறித்தல் நன்று. முன்கால் மணிக்கட்டு தடிப்பதோ, நடை தளர்வதோ, தூக்கினால் வலியில் முனகுவதோ கண்டால் காத்திராமல் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். சிற்றினங்கள் பத்து மாதத்தை ஒட்டி வளர்ச்சி முடிப்பன. அல்சேஷன் போன்ற பெரியவற்றுக்கு ஒன்றரை ஆண்டுவரை எலும்பு முற்றாது. அதுவரை அளவு தப்பாமல் சமைக்க நேரமும் பொறுமையும் இல்லாத வீடுகளில், வளரும் குட்டிகளுக்கெனச் செய்த நல்ல உலர்தீனியோடு ஒரு பிடி வேகவைத்த கோழியோ மீனோ காய்கறியோ, மொத்த உணவில் பத்தில் ஒரு பங்கு மிகாமல் சேர்த்துக்கொள்ளலாம்.